என் ராசிக்கு எரிஞ்ச சிவப்பு லைட்டு

காருல ஒரு லைட்டு எரிஞ்சதுக்காக மருமகளைப் பொறந்த வூட்டுக்கு மூட்டை கட்டுன குடும்பம் உலகத்துல எங்கயாவது இருக்கான்னு யாராவது கேட்டா, எங்கயும் தேட வேணாம், பெரம்பலூர்ல நான் வாழ்க்கைப்பட்ட வூடுதான்னு சொல்லுவேன். சிரிக்காதீங்க. அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரல. எங்க தெருவுல ஒரு அக்காவை இப்படித்தான் "கொஞ்ச நாளைக்கு இருந்துட்டு வரட்டும்"னு புருஷன் வூட்டுக்காரங்க கொண்டாந்து விட்டுட்டுப் போனாங்க. அந்தக் கொஞ்ச நாளு முடியவே இல்ல. தையல் மிஷினோட உக்காந்தவ உக்காந்தவதான். எனக்கும் அதுதான் கதின்னு நெனச்சேன்.

எழுபதுகளோட கடைசி அது. நான் அரியலூர்ல பொறந்து வளந்து பள்ளிக்கூடப் படிப்பை முடிச்சவ. பெரம்பலூர்ல கடலை மண்டி வச்சிருந்த குடும்பத்துக்கு மூத்த மருமகளாப் போனேன். வூட்டுல மாமனாரு, மாமியாரு, என் வூட்டுக்காரரு, ஒரு கொழுந்தன். அஞ்சாவதா நான். ஆறாவதா அந்தக் காரு. மரியாதையில பாத்தா அது எனக்கு ரொம்ப முன்னாடி நின்னுச்சு.

அரியலூர் பக்கம் வேலை பாத்த ஒரு ஆபீசரு மாத்தலாகிப் போறப்ப தள்ளிவிட்டுட்டுப் போன பழைய காரு. கழுவினா வெள்ளை, காய்ஞ்சா சாம்பல். முன்னாடி முழு நீளத்துக்கும் பெஞ்சு மாதிரி ஒரே சீட்டு. கியரு ஸ்டியரிங்கோட ஒட்டுன மாதிரி இருக்கும். ஹேண்ட் பிரேக்கு டிரைவருக்கு வலது பக்கம், சீட்டுக்கும் கதவுக்கும் நடுவுல. டேஷ்போர்டுல ஒரு சின்ன சிவப்பு லைட்டு. அது கம்பெனி வச்சது இல்லையாம், அந்த ஆபீசரே தனியா மாட்டிக்கிட்டதாம். எதுக்கு மாட்டுனாரு, எப்ப எரியும்னு விக்கிறப்ப வெலாவாரியாச் சொல்லிக் குடுத்திருக்காரு. பக்கத்துல நின்னு கேட்டது என் வூட்டுக்காரரு. மாமனாரு அந்த நேரம் ஹாரனை அடிச்சு அடிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாராம். அவருக்கு லைட்டைப் பத்தித் தெரிஞ்சதெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான்: அது பிரேக் லைட்டு, எரிஞ்சா ஆபத்து.

அந்தக் காருல யாரு எங்க உக்காரணும்ங்கறதுக்கு ஒரு சட்டம் இருந்துச்சு. ஓட்டுறது என் வூட்டுக்காரரு. முன்னாடி ஜன்னலோரம் மாமனாரு. அவரு ஆளு ரெண்டு ஆளு. காலை அகட்டி உக்காந்தாருன்னா பாதி சீட்டு காலி. அவருக்குப் பக்கத்துல, சீட்டு மேலயே, அவரோட பித்தளை வெத்தலைப்பெட்டி. தேங்கா மூடி தேங்கா மூடியா அடுக்கினாலும் கொள்ளும், அவ்வளவு பெருசு. அதைக் கீழ வைக்கக் கூடாது, பின்னாடி குடுக்கக் கூடாது, யாரும் தொடக் கூடாது. மாமியாரும் கொழுந்தனும் பின் சீட்டு. இது நான் வர்றதுக்கு முன்னாடி.

நான் வந்ததும் சட்டத்துல ஒரு திருத்தம். புது மருமகளும் கொழுந்தனும் ஒரே சீட்டுல இடிச்சுக்கிட்டு உக்காரக் கூடாதாம். "ஆம்பளைங்க முன்னாடி, பொம்பளைங்க பின்னாடி"ன்னுட்டாங்க மாமியாரு. கொழுந்தனுக்கு என்னை விட ரெண்டு மூணு வயசு குறைச்சல், என்னைப் பாத்தாலே "அண்ணி, பசிக்குது"ங்கறதுக்கு மேல பேச்சு வராது. அவனை முன்னாடி தூக்கிப் போட்டாங்க. பின் சீட்டுல நானும் அத்தையும் காலை நீட்டிக்கிட்டு ராணி மாதிரி போவோம். முன்னாடி மூணு ஆம்பளையும் ஒரு வெத்தலைப்பெட்டியும்.

கல்யாணம் முடிஞ்சு முத முதல்ல செட்டிகுளம் மலைக்கோயிலுக்குப் புறப்பட்டோம். பெரம்பலூரைத் தாண்டினதுதான் தாமதம், டேஷ்போர்டுல சிவப்பா எரிஞ்சுச்சு. "நிறுத்துறா!"ன்னு மாமனாரு போட்ட சத்தத்துல ரோட்டோரம் மேஞ்ச ஆடு ஓடிப்போச்சு. எல்லாரும் இறங்குனோம். வூட்டுக்காரரு குனிஞ்சு என்னமோ பாத்தாரு. லைட்டு அணைஞ்சிருச்சு. ஏறுனோம். திரும்பவும் எரிஞ்சுச்சு. போறப்பவும் எரிஞ்சுச்சு, வர்றப்பவும் எரிஞ்சுச்சு. பிரேக்கு மட்டும் மிதிச்ச இடத்துல கல்லு மாதிரி நின்னுச்சு. பிரேக்கு பிடிக்குதே, அப்புறம் எதுக்கு எரியுதுன்னு ஒரு ஆளு யோசிக்கணுமே? ஊஹூம்.

மறுநாளு மெக்கானிக் வந்தாரு. பஸ் ஸ்டாண்டு பக்கம் பட்டறை. பேச்சைக் கேட்டா ஆகாய விமானத்தையே பிரிச்சு மாட்டுவாரு. பல்பை மாத்துனாரு, வயரைச் சுத்தி டேப்பு ஒட்டுனாரு, பிரேக் ஆயிலை ஊத்துனாரு. "ஹேண்ட் பிரேக்கை எடுத்துட்டுத்தானே ஓட்டுனீங்க?"ன்னு கேட்டாரு. "நான் என்ன சின்னப் புள்ளையா?"ன்னு என் வூட்டுக்காரருக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. அதோட மெக்கானிக் அந்தப் பேச்சை விட்டுட்டாரு. தனி ஆளா வண்டியை எடுத்துக்கிட்டு டவுனை ஒரு சுத்து சுத்திட்டு வந்தாரு. லைட்டு எரியல. "வண்டி தங்கம் சார். வண்டியில ஒண்ணும் கிடையாது"ன்னுட்டுப் போயிட்டாரு.

வண்டியில ஒண்ணும் கிடையாதுன்னா வேற எதுல இருக்கு? மாமனாரு வெத்தலையை மென்னுக்கிட்டே யோசிச்சாரு. அந்த மனுஷன் யோசிச்சா எனக்குப் பயமா இருக்கும், ஏன்னா ஒரு தடவை யோசிச்சுட்டாருன்னா அதுக்கப்புறம் யோசிக்கவே மாட்டாரு. இடையில அவங்க நாலு பேரும் ஒரு துக்கத்துக்குப் போயிட்டு வந்தாங்க. புதுப்பொண்ணு துக்க வூட்டுக்கு வரக்கூடாதுன்னு என்னை விட்டுட்டாங்க. அன்னைக்கு லைட்டு எரியல. வந்ததும் வராததுமா மாமியாரு என்னை மேலயும் கீழயும் பாத்த பார்வை இருக்கே, நான் என்னமோ அந்தக் காரைக் கடிச்சு வச்ச மாதிரி.

அப்புறம் அரும்பாவூர்ல ஒரு காதுகுத்து. நானும் போனேன். ஏறுன கொஞ்ச நேரத்துல எரிய ஆரம்பிச்சிருச்சு. மாமனாரு வண்டியை ஓரம் கட்டச் சொன்னாரு.

"மருமகளை மட்டும் இறக்கிப் பாருடா"ன்னாரு.

இறக்குனாங்க. உச்சி வெயிலு. பட்டுச் சேலையோட, தலை நிறைய பூவோட, ரோட்டோரத்துல என்னை நிக்க வச்சுட்டு வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாக்கப் போறாங்களாம். நான் இறங்குனதும் மாமியாரு, "தம்பி, அங்க ஏன்டா நசுங்குற, இங்க வா"ன்னு கொழுந்தனைப் பின்னாடி கூப்பிட்டுக்கிட்டாங்க. அவனும் தாவிக் குதிச்சு வந்து உக்காந்தான். வண்டி போச்சு, திரும்பி வந்துச்சு. மாமனாரு ஜன்னல் வழியாத் தலையை நீட்டி, "எரியல"ன்னாரு. அவரு மூஞ்சியில ஒரு சந்தோஷம். ஏறச் சொன்னாங்க. கொழுந்தன் முன்னாடி போனான். நான் பின்னாடி ஏறுனேன். எரிஞ்சுச்சு!

அடேங்கப்பா, என்ன ஒரு ஆராய்ச்சி! நான் இறங்குனதைப் பாத்தாங்க. கூடவே இன்னொருத்தன் இடம் மாறுனதை மூணு ஆம்பளைங்களும் பாக்கல. இல்ல, ரெண்டு ஆம்பளைங்க பாக்கல. அதைப் பின்னால சொல்றேன். நானும்தான் பாக்கல. வெயில்ல நின்னு அழுகையை அடக்குறவளுக்கு எவன் எந்த சீட்டுல இருந்தான்னா தெரியும்?

அந்த வாரமே மாமியாரு எங்கயோ குறி கேட்டுட்டு வந்தாங்க. என் ராசிக்கும் இரும்புக்கும் ஆகாதாம். அப்ப தினம் தினம் இரும்புச் சட்டியில நான் வதக்கிப் போட்டதை வழிச்சு வழிச்சுத் தின்னாங்களே, அந்தச் சட்டி என்ன வெள்ளியா? அருவாமணையில காய் நறுக்குனேனே, அது என்ன தங்கமா? அதுக்கெல்லாம் ஆகும், காருக்கு மட்டும் ஆகாது. ஒரு வருஷம் பொறந்த வூட்டுல இருந்துட்டு வந்தா சரியாயிடுமாம். ஆடி மாசமா இருந்தாக்கூட சீருக்குப் போயிருக்கான்னு ஊரு வாயை மூடிக்கும். அது பங்குனி. பங்குனியில பொண்ணு பெட்டியோட வந்து நின்னா எங்க தெரு என்ன பேசும்னு எனக்குத் தெரியாதா?

என் வூட்டுக்காரரைக் கேட்டேன். "ஏங்க, நீங்க என்ன சொல்றீங்க?"

"பெரியவங்க சொல்றாங்க. கொஞ்ச நாளைக்குத்தானே"ன்னாரு. சொல்லிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டாரு. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும் அவருக்கு.

அந்த நேரத்துலதான் ஒரு நாளு காலையில குளிச்சுட்டுத் துண்டோட வந்தவரு வலது தொடையைப் பாத்தேன். இடுப்புக்குக் கொஞ்சம் கீழ ஊதா நிறத்துல கன்னிப்போயிருந்துச்சு. என்னங்க இதுன்னு பதறிட்டேன். மண்டியில கதவு இடிச்சிருச்சுன்னாரு. பாவம் மனுஷன்னு விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தடவி விட்டேன். அந்த எண்ணெயை வாசல்ல கொட்டியிருக்கலாம்னு பிற்பாடு எத்தனை தடவை நெனச்சிருக்கேன்.

என்னைக் கொண்டுபோயி விடுற நாளு வந்துச்சு. நான் ஏறுன வண்டியில மாமனாரு ஏற மாட்டேன்னுட்டாரு, உயிரு மேல அவ்வளவு ஆசை. கொழுந்தன் எங்கயோ ஓடி ஒளிஞ்சுக்கிட்டான், அந்தப் புள்ளைக்கு மட்டும் கண்ணு கலங்கியிருந்துச்சு. முன்னாடி இவரு ஒரு ஆளு. பின்னாடி நானும், என்னை ஒப்படைக்கிறதுக்குன்னு மாமியாரும். என் டிரங்குப் பெட்டி டிக்கியில.

பெரம்பலூர்லேருந்து அரியலூர் வர்ற வரைக்கும் அந்த லைட்டு ஒரு தடவை கூட எரியல. நான்தான் வண்டியில இருக்கேனே, என் ராசியும் கூடவே வருதே, இப்ப ஏன் எரியலைன்னு கேக்கலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள மாமியாரு முந்திக்கிட்டாங்க.

"பாத்தியாடா? இவ போறான்னு தெரிஞ்சதும் அதுவே அடங்கிருச்சு."

எரிஞ்சாலும் நானு, அணைஞ்சாலும் நானு! இவங்ககிட்ட என்னத்தைப் பேசுறது? தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன்.

அரியலூர்ல ரயில்வே கேட்டு மூடியிருந்துச்சு. கேட்டைத் தாண்டினா எங்க வூடு. ரோடு அங்க கொஞ்சம் மேடு, வண்டி பின்னாடி உருளக் கூடாதுன்னு இவரு ஹேண்ட் பிரேக்கை இழுத்தாரு. லைட்டு எரிஞ்சுச்சு. "அய்யய்யோ, திரும்ப ஆரம்பிச்சிருச்சே!"ன்னு மாமியாரு கத்துனாங்க. இவரு லீவரைக் கீழ இறக்கி, காலால பிரேக்கை மிதிச்சுக்கிட்டாரு. லைட்டு அணைஞ்சிருச்சு.

இதை நான் புதுசாப் பாக்கல. தினம் காலையில வாசல்ல கோலம் போடுறப்ப இவரு வண்டியை எடுக்கிறதைப் பாத்திருக்கேன். லீவரு மேல இருந்தா எரியும், கீழ போனா அணையும். ஆனா ஓடுறப்ப எரியறது வேற சமாச்சாரம்னு எல்லாரையும் போல நானும் நம்பிட்டேன். இப்ப பின்னாடி உக்காந்துக்கிட்டு அந்த லீவரையே பாத்தேன். அது இருக்கிறது இவரோட வலது தொடைக்குப் பக்கத்துல. சரியா எந்த இடத்துல? நான் விளக்கெண்ணெய் தடவுன அதே இடத்துல.

கதவைத் திறந்து இறங்குனேன்.

"ஏ புள்ள, எங்க இறங்குற?"ன்னு மாமியாரு பதறுனாங்க. நான் சுத்திக்கிட்டுப் போயி டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன். லீவரு கீழ படிஞ்சு கிடந்துச்சு. அடியில ஒரு பட்டனு. லீவரு அதை அமுத்திக்கிட்டு இருந்துச்சு. பழைய லீவரு, லொடலொடன்னு ஆடுச்சு. அதைக் கதவுப் பக்கமா லேசா நெட்டுனேன். பட்டனை விட்டு விலகுச்சு. லைட்டு எரிஞ்சுச்சு. கையை எடுத்தேன், அணைஞ்சிருச்சு.

"அத்தை, நல்லாப் பாத்துக்குங்க. இப்ப நான் வண்டியிலயே இல்ல. ரோட்டுல நிக்கிறேன்."

நெட்டுனேன், எரிஞ்சுச்சு. விட்டேன், அணைஞ்சுச்சு. மாமியாரு வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்தாங்க. பின்னாடி நின்ன சுண்ணாம்புக்கல்லு லாரிக்காரன் எட்டிப் பாத்து, "என்னம்மா, கார் ஓட்டப் பழகுறீங்களா?"ன்னான்.

"முன்னாடி மூணு பேரு உக்காந்தா இவரு கதவோட நசுங்குறாரு, தொடை லீவரைத் தள்ளுது. லைட்டு எரியுது. நான் வந்தாத்தான் கொழுந்தனை முன்னாடி அனுப்புறீங்க. அதான் நான் வந்தா எரியுது. என் ராசியாவது மண்ணாங்கட்டியாவது."

மாமியாரு முன் சீட்டை எட்டிப் பாத்தாங்க. "மூணு பேரு உக்காருற சீட்டுதானே அது?"

"மூணு பேரு உக்காரலாம் அத்தை. மூணு பேரும் ஒரு வெத்தலைப்பெட்டியும் உக்கார முடியாது."

நான் இவரு பக்கம் திரும்புனேன். இவ்வளவு நேரமும் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு மூடுன கேட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் கண்டுபிடிச்சதுல அவருக்கு ஒரு ஆச்சரியம் வரலை பாருங்க, அங்கதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. கன்னிப்போற அளவுக்கு ஒரு இரும்பு தொடையில இடிக்குது. ஆபீசரு சொல்லிக் குடுத்ததைக் கேட்டதும் இவருதான்.

"உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன்.

அவரு ஸ்டியரிங்கை உள்ளங்கையால துடைச்சாரு.

"உங்களைத்தான் கேக்குறேன். தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்"னாரு.

"எப்பலேருந்து?"

"செட்டிகுளம் போனப்பவே."

அரும்பாவூர் ரோட்டுல என்னை வெயில்ல நிக்க வச்சப்பவும் தெரியும். இரும்புக்கு ஆகாதவன்னு சொன்னப்பவும் தெரியும். என் டிரங்குப் பெட்டியைத் தூக்கி டிக்கியில வச்சப்பவும் தெரியும். நடு ரோடுன்னு பாக்கல, லாரிக்காரன் பாக்குறான்னு பாக்கல, ஓன்னு அழுதுட்டேன். "தெரிஞ்சுக்கிட்டே ஏன்யா சொல்லல?"ன்னு கேட்டேன். புருஷனை நான் 'யா'ன்னு சொன்னது வாழ்க்கையில அந்த ஒரு தடவைதான்.

"வெத்தலைப்பெட்டியை எடுங்கன்னு அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?"ன்னாரு.

அவ்வளவுதான் காரணம். வேற ஒண்ணும் இல்ல. பொண்டாட்டியை அனுப்பிடலாம், ஒரு வெத்தலைப்பெட்டியை நகத்தச் சொல்ல முடியாது. ரயிலு வந்துச்சு, போச்சு. கேட்டைத் தூக்கிட்டாங்க. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். எதிர்ல எங்க தெரு தெரிஞ்சுச்சு. நான் போயிப் பின் சீட்டுல உக்காந்தேன்.

"வண்டியைத் திருப்புங்க"ன்னேன்.

அவரு கண்ணாடி வழியாத் தன் அம்மாவைப் பாத்தாரு. அதுக்கும் உத்தரவு வேணும் அவருக்கு. மாமியாரு முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, "திருப்புடா"ன்னாங்க.

பெரம்பலூர் வந்து சேந்தோம். வூட்டுக்குள்ள மாமனாரு நாற்காலியில உக்காந்து வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டு இருந்தாரு. வெத்தலைப்பெட்டி பக்கத்துல இன்னொரு நாற்காலியில. அங்கயும் அதுக்குத் தனி சீட்டுதான். என்னைப் பாத்ததும், "என்னம்மா, போகல?"ன்னாரு.

அவரு முன்னாடி நின்னு நான் பேசுனது அதுவரைக்கும் கிடையாது. ஆனா அந்தத் தையல் மிஷின் அக்கா மூஞ்சி கண்ணு முன்னாடி வந்துச்சு. சொல்லிட்டேன்.

"மாமா, காருல போறப்ப வெத்தலைப்பெட்டியை மடியில வச்சுக்குங்க. அது சீட்டுல இருக்கிறதால உங்க புள்ளை கதவோட நசுங்கி ஹேண்ட் பிரேக்கு தள்ளிக்குது. லைட்டு அதுலதான் எரியுது. என்னால இல்ல."

மாமியாரு, "ஆமாங்க, நானே கண்ணால பாத்தேன்"னு சொன்னாங்க. வூடே இடிஞ்சு விழப்போகுதுன்னு நான் காத்துக்கிட்டு நின்னேன். மாமனாரு என்னைப் பாத்தாரு. பெட்டியைப் பாத்தாரு. கையை நீட்டி அதை எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு. வாசப்படியில நின்ன புள்ளையை நிமிந்து பாத்தாரு.

"இம்புட்டுத்தானா? ஏன்டா, அன்னைக்கே சொல்லியிருந்தா எடுத்து வச்சிருப்பேனே"ன்னாரு.

நானும் திரும்பி என் வூட்டுக்காரரைப் பாத்தேன். என்ன சொல்றாருன்னு கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு. அவரு வாளியை எடுத்துக்கிட்டுக் காரைக் கழுவப் போயிட்டாரு. அதைக் கழுவ வேண்டிய அவசியமே இல்ல. காலையிலதான் பளபளன்னு கழுவியிருந்தாரு, என்னைக் கொண்டுபோயி விடுறதுக்காக.